முதலில் தாள், அப்புறம் மை, கடைசியில் பேனா

எந்த இங்க் பேனா வாங்கலாம் என்று யாராவது கேட்டால், "எந்த நோட்டில் எழுதப் போறீங்க?" என்றுதான் நான் திருப்பிக் கேட்பேன். பேனாவைக் கேட்டால் நோட்டைக் கேட்கிறாளே என்று முழிப்பார்கள். தினமும் மைப்பேனாவில் எழுதிப் பிழைக்கிறவள் என்ற முறையில் இதில் எனக்குச் சந்தேகமே கிடையாது. தாளைப் பார்த்து மையை எடுக்க வேண்டும், மையைப் பார்த்துப் பேனாவை எடுக்க வேண்டும். பேனாவின் அழகில் மயங்கி முதலில் அதை வாங்கிவிட்டு, அப்புறம் தாள் ஊறுகிறது, நிப் காய்கிறது, பை எல்லாம் கறை என்று அதை அலமாரியில் போட்டுவிட்டவர்கள் எனக்குத் தெரிந்தே நிறையப் பேர்.

நான் சந்தூரில் ஒரு மாங்கன்று நர்சரியில் கணக்கு எழுதுகிறேன். போச்சம்பள்ளி பக்கத்து ஆட்களுக்குச் சந்தூரைப் பற்றிச் சொல்லத் தேவையில்லை. வெளியூர்க்காரர்களுக்காகச் சொல்கிறேன், கிருஷ்ணகிரி மாவட்டத்தில் ஒட்டு மாங்கன்று வேண்டும் என்றால் இங்கேதான் வருவார்கள். அல்போன்சா, செந்தூரா, பங்கனப்பள்ளி, மல்கோவா, பெங்களூரா, நீலம், இமாம்பசந்த் என்று ரகம் ரகமாகக் கன்றுகள் வரிசை கட்டி நிற்கும். பில் எல்லாம் கம்ப்யூட்டருக்குப் போய்விட்டது. ஆனால் பாத்தி நோட்டு இன்னும் கையெழுத்துதான். எந்தப் பாத்தியில் எந்த ரகம், என்றைக்கு ஒட்டுக் கட்டியது, யார் கட்டியது, எத்தனை பிடித்தது, எத்தனை காய்ந்தது என்று நின்றுகொண்டே எழுத வேண்டிய நோட்டு அது. பக்கத்திலேயே ஹோஸ் ஓடும், பூவாளியில் தண்ணீர் தெளிப்பார்கள், எல்லோர் கையும் ஈரமாக இருக்கும். என் மையையும் பேனாவையும் முடிவு செய்தது இந்த நோட்டுதான்.

சரி, தாள். ஸ்டேஷனரி கடையில் வாங்கும் லாங் சைஸ் நோட்டு எல்லாம் பார்க்க ஒரே மாதிரிதான் இருக்கும். எழுதினால்தான் குணம் தெரியும். தாள் என்பது நார்களின் பின்னல். துணிக்குக் கஞ்சி போடுவதுபோல, தாள் தயாரிக்கும்போது அதற்கும் ஒரு பூச்சு கொடுப்பார்கள். பூச்சு சரியாக இருந்தால் மை மேலேயே நின்று காயும். பூச்சு குறைவாக இருந்தால் மை நார் வழியே ஓடி, எழுத்தின் ஓரமெல்லாம் மயிர் மயிராகப் பிரியும், பின்பக்கமும் இறங்கிவிடும். தாளின் கனத்தை மட்டும் நம்பக் கூடாது. ஜெராக்ஸ் தாள் 75 ஜிஎஸ்எம் (ஒரு சதுர மீட்டர் தாளின் எடை, கிராமில்) என்று போட்டிருந்தாலும் சில கட்டுகளில் மை ஊறத்தான் செய்யும். மெல்லிய நோட்டுத் தாள் சிலது அருமையாகத் தாங்கும்.

கடையில் நான் செய்யும் சோதனை சின்னது. ஒரு நோட்டைக் காசு கொடுத்து வாங்கி, அங்கேயே கடைசிப் பக்கத்தில் "கெ கே கொ கோ ண ணை ஞ" என்று எழுதிப் பார்ப்பேன். தமிழ் எழுத்துக்குச் சுழிதான் உயிர். ஒற்றைக் கொம்புக்கும் இரட்டைக் கொம்புக்கும் இருக்கிற வித்தியாசம் மேலே ஒரு சின்னச் சுழி. பதினெட்டாம் நூற்றாண்டில் வீரமாமுனிவர் கொண்டுவந்த திருத்தம் அது. தாள் ஊறினால் முதலில் அடைபடுவது அந்தச் சுழிதான். கெ எது கே எது என்று தெரியாது. ண-வின் உள்சுழி மூடிக்கொண்டால் அது வெறும் மைப் பொட்டாக நிற்கும். அந்த வரியில் சுழிகள் திறந்திருந்தால் அதே நோட்டில் ஒரு டஜன் கேட்டு வாங்குவேன். ஊறினால் அந்த ஒன்றோடு சரி, அது பால் பாயிண்ட் நோட்டாகிவிடும்.

டிஎன்பிஎல், அதாவது தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனத்தின் தாள் கிடைத்தால் நான் விடமாட்டேன். கரூர் மாவட்டம் புகளூரில் 1984இல் உற்பத்தியைத் தொடங்கிய ஆலை, கரும்புச் சக்கையிலிருந்து தாள் செய்கிறது. நான் வாங்கிய கட்டுகளில் எல்லாம் மை மேலே நன்றாக நின்றது. நம் பக்கம் கரும்பு வண்டி போவதைப் பார்த்தே வளர்ந்தவள் நான். சாறு போன சக்கை இவ்வளவு நல்ல தாளாகிறது என்பதில் எனக்குத் தனிச் சந்தோஷம்.

சுழி அடைபடக் கூடாது என்ற அதே காரணத்தால்தான் நிப்பும். ஃபைன் நிப் தவிர வேறெதையும் நோட்டுக்கு நான் எடுப்பதில்லை. ஜப்பான் பேனாவில் ஃபைன் என்று போட்டிருந்தால் அது ஐரோப்பியப் பேனாவின் ஃபைனைவிட மெல்லிசாக எழுதும். ஜெர்மனியின் லாமி சஃபாரி ஃபைன் நிப்பில் பொடி எழுத்தாக "பங்கனப்பள்ளி" என்று எழுதிப் பார்த்துவிட்டு, அதே சொல்லை ஜப்பானின் பைலட் ஃபைனில் எழுதினால் வித்தியாசம் கண்ணுக்கே தெரியும். தடித்த நிப் கையெழுத்துக்கும் வாழ்த்து அட்டைக்கும் அழகு. கட்டம் போட்ட பதிவேட்டில் அது தமிழுக்கு ஆகாது.

அப்புறம் மை. பாத்தி நோட்டுக்கு நான் ஊற்றுவது பிளாட்டினம் கம்பெனியின் புளூ பிளாக். அது இரும்பு மை. அதாவது இரும்பு உப்பும் துவர்ப்புச் சத்தும் சேர்ந்து கறுக்கும் மை. நம் ஊர் நாட்டு மருந்துக் கடையில் கிடைக்கும் அன்னபேதியும் கடுக்காயும் என்று சொன்னால் சட்டென்று புரியும். அன்னபேதி இரும்பு உப்பு, கடுக்காயில் துவர்ப்பு. ஐரோப்பாவில் கடுக்காய்க்குப் பதில் ஓக் மரத்தில் பூச்சி கடித்து வரும் காய் போன்ற முடிச்சை எடுத்தார்கள். மை புட்டியில் இருக்கும்போது இரும்பு கரைந்த நிலையில் இருக்கிறது. தாளில் பட்டுக் காற்று பட்டதும் கொஞ்சம் கொஞ்சமாக மாறி, நாரோடு சேர்ந்து கறுப்பாகப் பிடித்துக்கொள்கிறது. எழுதும்போது நீலமாகத்தான் தெரியும். மறுநாள் நோட்டைத் திறந்தால் கருநீலம், இன்னும் சில நாளில் கறுப்போடு கறுப்பு. காலையில் எழுதிய வரியும் நேற்று எழுதிய வரியும் நிறத்திலேயே பிரிந்து தெரிவது எனக்கு மிகவும் பிடிக்கும். இங்கிலாந்தில் பிறப்பு, திருமணப் பதிவேடுகளை நெடுங்காலம் இந்த வகை மையால்தான் எழுதினார்கள், அழியக் கூடாது என்பதற்காக.

அது எவ்வளவு உண்மை என்று போன ஐப்பசி மழையில் பார்த்தோம். ராத்திரி ஷெட்டின் தகரக் கூரை ஒழுகி, மேசைமேல் இருந்த நோட்டுகள் விடிய விடிய நனைந்து கிடந்தன. காலையில் அவற்றைத் தூக்கியபோது ஓரத்திலிருந்து தண்ணீர் சொட்டியது. பக்கத்துக்குப் பக்கம் பழைய பேப்பர் வைத்து, ஃபேனுக்கு அடியில் பரப்பினோம். எனக்கு முன்னால் இருந்தவர் எழுதிய பழைய நோட்டில், சாதா நீல மை பக்கம் முழுக்கக் கரைந்து வானம் மாதிரி ஆகிவிட்டது, ஓர் எழுத்துகூடத் தேறவில்லை. என் நோட்டில் மொத்தத்தைக் குறிக்கச் சிவப்பு மையில் போட்ட கோடுகள் போய்விட்டன. இரும்பு மை வரிகள் மட்டும் அசையவில்லை. தாள் சுருங்கியிருந்தது, எழுத்து அப்படியே இருந்தது.

எங்களிடம் ஒட்டுக் கட்டும் பெரியவர் ஒருவர் இருக்கிறார், எல்லோருக்கும் மாமா. ஒட்டுக்கு இத்தனை என்று அவருக்குக் கூலி, அதனால் அந்த நோட்டில் அவர் கணக்கும் இருந்தது. வந்தவுடனே கேட்டார்.

"என்னம்மா, என் கணக்கெல்லாம் மழையில போயிடுச்சா?"

"இல்ல மாமா, பாருங்க, அப்படியே இருக்கு."

கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வரி வரியாகப் பார்த்தார். "என்ன மையிம்மா இது?"

"அன்னபேதியும் கடுக்காயும் சேர்ந்த மாதிரி மை, மாமா."

"கடுக்காயா? அப்ப நிக்கும். அந்தக் காலத்துல கடுக்காத் தண்ணி ஊத்தித்தான சுண்ணாம்பே கலப்பாங்க."

அவர் சொன்னதில் விஷயம் இருக்கிறது. சுண்ணாம்புக் காரைக்கும் கடுக்காய், தோல் பதனிடவும் கடுக்காய், துணிக்குச் சாயம் ஏற்றவும் கடுக்காய். பற்றிக்கொள்வது அந்தத் துவர்ப்பின் குணம்.

இதைப் படித்துவிட்டு வீட்டில் கடுக்காய் மை காய்ச்சலாம் என்று யாருக்காவது தோன்றினால் காய்ச்சுங்கள், நன்றாக வரும். தொட்டு எழுதும் பேனாவுக்கு மட்டும் வைத்துக்கொள்ளுங்கள். அதன் வண்டல் இங்க் பேனாவின் ஃபீடில், அதாவது நிப்புக்கு அடியில் மையைக் கொண்டுவரும் பாகத்தில் இருக்கிற மயிரிழைக் கால்வாய்களை அடைத்துவிடும். ஓவியக் கடையில் விற்கும் வாட்டர்ப்ரூஃப் டிராயிங் இங்கும் அப்படித்தான். அதில் இருக்கும் அரக்கு காய்ந்தால் பேனா முடிந்தது. தண்ணீருக்கு அழியாத மை வேண்டும் என்று கேட்டால் சில கடைகளில் அதைத்தான் எடுத்துக் கொடுப்பார்கள், ஜாக்கிரதை.

வீட்டில் எழுதுவதற்கு இவ்வளவு கட்டுப்பாடு இல்லை. நாட்குறிப்புக்குக் கல்கத்தாவின் சுலேகா. 1934இல் சுதேசி வேகத்தில் தொடங்கிய கம்பெனி, இடையில் பல வருடம் மூடிக் கிடந்து மறுபடி எழுந்து வந்தது. அதன் கறுப்பு, நல்ல தாளில் அமைதியான கறுப்பு. கடிதத்துக்கு பிரில் ராயல் புளூ. விலை குறைவு, பேனாவுக்குச் சாது, கழுவினால் உடனே போகும். வெயிலுக்கு மட்டும் ஆகாது. ஒரு தாளில் ராயல் புளூவில் எழுதி, பாதியை அட்டையால் மூடி, தெற்கு ஜன்னலில் ஒட்டிவைத்தேன். கோடை முடிவதற்குள் வெயில் பட்ட பாதி வெளிறிச் சாம்பலாகிவிட்டது, மூடிய பாதி புத்தம் புதிதாக இருந்தது. பத்திரம், ரசீது, கையெழுத்து எதுவானாலும் ராயல் புளூ வேண்டாம் என்று சொல்வதற்கு அந்த ஒரு தாளே போதும். காசோலைக்கும் நான் இரும்பு மைதான். இப்போது வங்கிகள் காசோலையை ஸ்கேன் செய்து படமாகத்தான் அனுப்புகின்றன, அடர்ந்த நிறமாக இருப்பது நல்லது.

இனி பேனா. ஏப்ரல், மே மாதத்தில் தகர ஷெட்டுக்கு அடியில் உட்கார்ந்து எழுதுகிறவர்களுக்குப் பேனாவின் முதல் லட்சணம் மூடிதான். மை என்பது பெரும்பாலும் தண்ணீர். மூடி இறுக்கமாக இல்லாவிட்டால் நிப்பின் பிளவிலிருந்து தண்ணீர் ஆவியாகி, சாயம் மட்டும் கெட்டியாகித் தங்கும். காலையில் எடுத்தால் எழுதாது, உதற வேண்டும். உதறினால் சுவர் கெடும். இந்த விஷயத்தில் பிளாட்டினம் பிரெப்பியை மிஞ்ச ஆளில்லை என்பது என் தீர்மானம். பிளாஸ்டிக் பேனா, பார்க்க எளிமை, ஜப்பான் பேனாக்களில் விலை மிகக் குறைவு. அதன் மூடிக்குள் ஸ்பிரிங் வைத்த இன்னொரு சின்ன மூடி இருக்கிறது. மூடும்போது அது நிப்பைச் சுற்றிக் கவ்விக்கொள்ளும். ஒரு வருடம் எடுக்காமல் வைத்தாலும் மை காயாது என்கிறது கம்பெனி. நர்சரி லீவு விட்டுத் திரும்பி வந்தால் முதல் எழுத்தே முழுசாக எழுதுகிறது, எனக்கு அது போதும். 0.3 நிப், அதில் இரும்பு மை. பாத்தி நோட்டின் சுழி எல்லாம் அதன் புண்ணியம்.

பழைய சீனப் பேனா ஹீரோ 616க்கும் இந்த வெயிலில் ஒரு மரியாதை உண்டு. நிப் முழுக்கக் கூட்டுக்குள் மறைந்து நுனி மட்டும் வெளியே தெரியும். 1941இல் வந்த பார்க்கர் 51 காட்டிய வழி அது. காற்று குறைவாகப் படுவதால் எழுதும்போது நிறுத்தி யோசித்தாலும் நுனி சீக்கிரம் காயாது. அப்பா தலைமுறை ஆட்கள் பலர் ஹீரோவை விடாமல் பிடித்திருந்ததற்கு விலை மட்டும் காரணமில்லை.

மேசைக்கும் வீட்டுக்கும் திருவள்ளூர் ரங்கா பேனா, எபொனைட். எபொனைட் என்பது கந்தகம் சேர்த்துக் கடினமாக்கிய ரப்பர். கையில் பிடித்தால் பிளாஸ்டிக் மாதிரி வழுக்காது, உலோகம் மாதிரி சில்லென்றும் இருக்காது. புதிதில் லேசாகக் கந்தக வாடை வரும். ஆந்திராவில் ராஜமுந்திரி ரத்னம் பேனா 1930களிலேயே காந்தியின் பாராட்டைப் பெற்றது. கையால் கடைந்து பேனா செய்யும் அந்தத் தொழில் தென்னிந்தியாவில் இன்னும் உயிரோடு இருப்பதில் எனக்குப் பெருமை. காசு கொஞ்சம் கூடப் போனாலும் பரவாயில்லை, கடைசல் தெரிந்த ஒரு ஆள் நமக்காக உட்கார்ந்து செய்த பொருள் அது.

என் ரங்காவில் கார்ட்ரிட்ஜ் (மாற்றிப் போடும் மைக்குழல்) எதுவும் கிடையாது. கழுத்தைத் திருகிக் கழற்றி, மரைக்குத் துளி சிலிக்கான் கிரீஸ் தடவி, இங்க் ஃபில்லரால் நேராக உடம்புக்குள் ஊற்ற வேண்டும். மூன்று, நான்கு மில்லி பிடிக்கும், எழுதி எழுதித் தீராது. ஒரே சங்கடம், பாதி தீர்ந்த பிறகு கக்கும். காரணம் உள்ளே இருக்கிற காற்று. கையின் சூட்டில் காற்று விரியும், விரிந்த காற்று மையைத் தள்ளும், நிப்பில் முத்து மாதிரி ஒரு சொட்டு திரண்டு நோட்டில் விழும்.

ஓசூர் போகும்போது இது நன்றாகத் தெரியும். கிருஷ்ணகிரியிலிருந்து சூளகிரி வழியாக ஓசூர் ஏறும்போது கிட்டத்தட்ட 400 மீட்டர் உயரம் கூடுகிறது. அவ்வளவு உயரத்துக்குக் காற்றழுத்தம் நூற்றுக்கு நாலு, ஐந்து பங்கு குறையும். பேனாவுக்குள் மூன்று மில்லி காற்று இருந்தால் அது விரிந்து இரண்டு, மூன்று சொட்டு மையை வெளியே தள்ளப் போதுமானது. பேனா முழுக்க மை இருந்தால் விரிவதற்குக் காற்றே இல்லை. அதனால் ஓசூர் ஆர்டருக்குப் போகும் நாளில் ஒன்று, கழுத்துவரை நிரப்பிவிடுவேன். இல்லையென்றால் காலி செய்து வைத்துவிட்டுப் பிரெப்பியை மட்டும் எடுத்துப் போவேன். எதுவானாலும் பையில் நிப் மேலே பார்த்து நிற்க வேண்டும். அப்போது விரிகிற காற்று மையைத் தள்ளாமல் தானே வெளியே போய்விடும்.

பையில் ஒரு பால் பாயிண்ட்டும் எப்போதும் இருக்கும். டெலிவரி சீட்டு கார்பன் வைத்து மூன்று நகல் எழுத வேண்டும், அதற்கு அழுத்தம் தேவை, மைப்பேனாவை அழுத்தினால் நிப் விரிந்துவிடும். கன்று வாங்க வரும் விவசாயிகள் "பேனா குடும்மா, கையெழுத்துப் போடணும்" என்பார்கள். அவர்கள் கை பழகிய அழுத்தத்துக்கு பால் பாயிண்ட்தான் சரி.

கழுவுகிற தண்ணீரைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது, இது முழுக்க நம் மாவட்டப் பிரச்சினை. எங்கள் போர் தண்ணீரில் பாத்திரம் கவிழ்த்தால் வெள்ளை வெள்ளையாகப் படியும். அதே உப்பு ஃபீடின் கால்வாயிலும் படியும். இரும்பு மையோடு சேர்ந்தால் வண்டல் தட்டவும் செய்யும். தருமபுரி, கிருஷ்ணகிரி நிலத்தடி நீரில் ஃபுளோரைடு அதிகம் என்பதற்காகத்தான் ஒகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டமே வந்தது, 2013இல் தொடங்கி வைத்தார்கள். குழாயில் அந்தக் காவிரித் தண்ணீர் வரும் நாளில்தான் நான் பேனா கழுவுவேன். முதலில் அந்தத் தண்ணீரில் மை நிறம் போகும்வரை, கடைசியாக ஒரு முறை பேட்டரிக்கு ஊற்றும் டிஸ்டில்டு வாட்டரில். வெந்நீர் வேண்டாம், எபொனைட் ஃபீட் சூட்டில் வளைந்துகொடுக்கும், நிப்பை விட்டு விலகிவிடும். இரும்பு மை போடுகிற பேனாவை மாதம் ஒரு முறையாவது கழுவியே ஆக வேண்டும். அது அமிலத்தன்மை உள்ள மை, மாதக்கணக்கில் காயவிட்டால் ஸ்டீல் நிப்பை அரிக்கும்.

எங்கள் முதலாளி அண்ணன் பொண்ணு பிளஸ் ஒன் சேர்ந்திருக்கிறாள். "அக்கா, எனக்கும் ஒண்ணு சொல்லுங்க" என்று கேட்டாள். அவள் பள்ளி நோட்டைக் கொண்டுவரச் சொல்லி எழுதிப் பார்த்தேன். கொஞ்சம் ஊறுகிறது, ஆனால் மெல்லிய நிப் என்றால் சுழி தாங்கும். அதனால் பிரெப்பி 0.3, அதில் ராயல் புளூ. இரும்பு மை அவளுக்கு இப்போது வேண்டாம் என்று சொல்லிவிட்டேன். யூனிஃபார்மில் ராயல் புளூ பட்டால் சோப்பு போட்டு அலசினால் போகும், இரும்பு மை பட்டால் கறை நிற்கும். நோட்டு மாற்றும்போது மறுபடி வா, எழுதிப் பார்த்துவிட்டு மையை மாற்றலாம் என்றிருக்கிறேன்.